உள்ளே: புளி

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்குப்
பதினொரு புள்ளி, பதினொரு பூட்டு.
ஜாடி இருப்பது ஏழாவது பூட்டுக்குள்.
சாவி சிகப்பியிடம்;
சிகப்பி காரைக்குடியில், வங்கியில்,
நகைக்கடன் வரிசையின் மறுபுறம்.

காத்திருந்த நேரத்தில் தூண்களை எடுத்தேன்.
பர்மாவிலிருந்து மிதந்து வந்த தேக்கு என்றார்கள்.
படத்தில் அது மிதக்கவில்லை,
நின்றது.

மூன்றரைக்கு வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே:
"சீக்கிரம் எடுத்துருங்க.
புளியைத் தாம்பாளத்துல கொட்டி வச்சிருக்கேன்.
எறும்பு வந்துரும்."

போன மாசமும் இந்த ஜாடியை எடுத்தேன்.
இதையல்ல, இதன் உடன்பிறப்பை.
சீனத்துக் கடலோர ஊர் ஒன்றின் அருங்காட்சியகத்தில்,
கண்ணாடிக்குள், பச்சை வெல்வெட்டில்,
வயிறு காலியாக.
ஃபிளாஷ் கூடாது. முக்காலி கூடாது.
மூச்சு விடலாம்,
கண்ணாடியில் படாமல்.

அன்று காலை முழுக்க ஒரு பழைய மாளிகை.
கூரை முனைகள்
யாரும் கேட்காத கேள்விக்கு உயர்ந்த புருவங்கள்.
நடுவில் வானத்துக்கு விட்ட சதுரம்.
கேமராவில் கண்ணை வைத்தபடி அதைக் கடக்கையில்
கால் தானாக ஒதுங்கியது,
கீழே வடகம் காயும் என்று.

ஜாடிகளைத் தாண்டி
கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு கல்.
கல்லில் தமிழ்.

காவலுக்கு நின்ற பெண், ஷூ யான்,
நான் நின்ற நேரத்தைப் பார்த்து அருகே வந்தாள்.
கைபேசியை நீட்டினாள்.
அதற்குள்ளிருந்த குரல் சுத்தத் தமிழில் கேட்டது:
"இந்தக் கல் என்ன கூறுகிறது?"

எனக்குப் பிடிபட்டது ஒரு ககரம், இரண்டு மகரம்,
அப்புறம் ஒரு சுழி.
அது ணகரமாக இருக்கலாம்,
கல்லுக்கு வந்த அம்மையாகவும் இருக்கலாம்.
தெரியாது என்று சொல்லியிருக்கலாம்தான்.
ஒன்பது வருஷமாக அதன் பக்கத்தில் நிற்கிறாளாம்.
எப்படிச் சொல்வது?

"பருவத்தில் மழை பெய்க.
வந்தவர் நலமாய்த் திரும்புக"
என்றேன்.
அவள் எழுதிக்கொண்டாள்.
தேதியும் போட்டாள்.

சிகப்பி ஜாடியைக் கவிழ்த்தாள்.
அடியில் இரண்டு பேர் கையெழுத்து.
உளியால் பொறித்தது: மு.சித.பழ.
"எங்க வீட்டு விலாசம்."
பக்கத்தில், சூளைக்குப் போகுமுன் மையால் எழுதிய
ஐந்து சீன எழுத்து. ஒன்று பாதி தேய்ந்தது.
"இது என்ன போட்டிருக்கு?
நீங்க அங்கயே போயிட்டு வந்தவங்களாச்சே."

சாய்வெயிலில் ஆறு படம் எடுத்தேன்.
ஆறாவதை ஷூ யானுக்கு அனுப்பினேன்.
புளிக்குள் எறும்பு தேடியபடி
இரண்டு பேரும் காத்திருந்தோம்.
மணி நாலேகாலுக்கு அதே குரல் படித்தது:
"சரியான காலத்தில் மழை பெய்யட்டும்.
வந்த நபர்கள் ஆரோக்கியமாகத் திரும்பட்டும்."

சிகப்பி தலையாட்டினாள்.
"நல்லாத்தான் எழுதியிருக்கான்."
புளியை உருட்டி உருட்டித் திணித்தாள்.
வாயில் துணி கட்டினாள். பூட்டினாள்.
பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.

நான் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவளுக்கும் படிக்க வரவில்லையா?
இல்லை, கல்லைப் படிக்கத் தெரிந்த யாரோ
எனக்குப் பின்னால் அந்த வழியாகப் போனார்களா?
கேட்டு ஒரு வரி அடித்தேன்,
அழித்தேன்.
'நன்றி' என்று மட்டும் அனுப்பினேன்.
ஒரு மஞ்சள் முகம் சிரித்தபடி வந்தது.
அதில் ஒரு கண் மூடியிருந்தது.

இரவு விடுதியில் பட்டியலை நிரப்பினேன்.
படம் 0417. ஜாடி. பழுப்பு மெருகு.
வாய் அகலம் இருபத்தொரு சென்டிமீட்டர்.
எழுத்தின் பொருள் என்றொரு கட்டம்.
அதை விட்டுவிட்டு
அடுத்ததற்குப் போனேன்.
உள்ளே: புளி.